எண்ணெய் குறைவு

சூலியா தெருவில் ஒரு நாணயமாற்றுக் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குப் புஷ்பராணி வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. மரப்படிகள் செங்குத்தானவை. ஏறி முடித்ததும் மூச்சு வாங்கிற்று. ஆனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“என் மகன் பொய் சொல்றானா இல்லையான்னு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்.”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நூர் முகம்மது. இருபத்தெட்டு ஆண்டுகள் அரசாங்கத்தில் வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நொறுங்கிய வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, அது நொறுங்குவதற்கு முந்திய அரை நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர். அது 1996ஆம் ஆண்டு. ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் வழக்கறிஞர்கள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள்.

“உக்காருங்கக்கா. ஹமீதா, அக்காவுக்குத் தண்ணி கொடு.”

ஹமீதா அவருடைய தங்கை மகள். முப்பது வயது. புக்கிட் மெர்தாஜாமில் கார்களுக்கு மின்சார வேலை செய்யும் கடையைத் தனியாக நடத்துகிறவள். மாமாவுக்கு ஏதாவது கேஸ் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் கடைக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஃபெர்ரி ஏறிவிடுவாள். தண்ணீரை வைத்த கையோடு குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

“ஆக்சிடென்டா அக்கா? எந்தக் காடி? யாரு ஓட்டுனா?”

“அவங்க மூச்சு விடட்டும்லா” என்றார் நூர் முகம்மது.

புஷ்பராணி மூச்சு விட்டாள். பிறகு சொன்னாள். முப்பது ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்த குரல் அது. எதைச் சொன்னாலும் திருத்தமாக, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லும்.

நாற்பத்தோரு நாளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் குலசேகரமும் மகன் ஆனந்தராஜாவும் பாலிக் புலாவில் ஒரு நண்பரின் தோட்டத்துக்கு டுரியான் எடுக்கப் போனார்கள். பின்பக்கம் நிறைய பழம் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் திரும்பி வந்தார்கள். மகன் ஓட்டினான். முன்னால் ஒரு மணல் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நேரான ஓர் ஏற்றத்தில் அதை முந்துவதற்காக வலப்பக்கம் எடுத்தான். எதிர் வளைவில் ஒரு பஸ் வந்தது. மறுபடியும் இடப்பக்கம் வெட்டினான். காரின் இடது முன்பகுதி லாரியின் அடியில் போயிற்று. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் குலசேகரம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

“பையனுக்கு?”

“ஒரு கால் முறிஞ்சிருக்கு. வீட்டுலதான் இருக்கான். கவனமில்லாம ஓட்டி உயிர் போகக் காரணமானான்னு கேஸ். பன்னண்டு நாள்ல கோர்ட்டு. குத்தத்தை ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு அத்தான் சொல்றார்.” கணவரின் அண்ணன் ஏரம்பமூர்த்தி நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். “இவன் ஒத்துக்க மாட்டேங்கிறான். முழுசா மிதிச்சேன், காடி போகலைன்னு சொல்றான்.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

அவள் குவளையைப் பார்த்தாள். “வேகமா ஓட்டுறான்னு ரெண்டு தடவை சமன் வந்திருக்கு. அவங்கப்பா அவனை நம்பிப் பக்கத்துல உக்காந்தார். நான் அவனோட பேசி நாப்பத்தோரு நாளாச்சு. சாப்பாட்டை வாசல்ல வெச்சுட்டு வந்துருவேன்.”

ஹமீதாவின் பேனா நின்றது.

நூர் முகம்மது உறையிலிருந்த மூன்று தாள்களையும் மேசையில் பரப்பினார். முதலாவது, மருத்துவமனைப் படுக்கையில் ஆனந்தராஜா கொடுத்த வாக்குமூலம். வலிமருந்தின் மயக்கத்தில் அவன் தமிழில் சொல்லியிருக்கிறான். வார்டில் இருந்த ஒருவர் மலாயில் சொல்ல, காவலர் எழுதியிருக்கிறார். அதில் “மின்யாக் குராங்” என்றிருந்தது. எண்ணெய் குறைவு. அங்கே பேச்சில் பெட்ரோலும் எண்ணெய்தான்.

“இதுதான் அவனுக்கு வினை” என்றாள் புஷ்பராணி. “எண்ணெய் குறைவா இருந்துச்சுன்னு முதல்ல சொன்னான். போலீஸ் மாத்தா போய்ப் பாத்தா டாங்கியில பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கு. அப்புறம் கேட்டா, முழுசா மிதிச்சேன் போகலைங்கிறான். ரெண்டு வாய், ரெண்டு கதைன்னு அத்தான் சொல்றார்.”

இரண்டாவது, லாரிக்காரருடைய வாக்குமூலம். நூர் முகம்மது அதில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். கார் என் பக்கத்தில் வந்தது, பிறகு என் பக்கத்திலேயே இருந்தது, என்னோடு சேர்ந்தே மலை ஏற வந்த மாதிரி.

மூன்றாவது, காவல்துறைப் பரிசோதகரின் அறிக்கை. பிரேக் சரி. ஸ்டியரிங் சரி. டயர் சரி. ஆக்ஸிலரேட்டர் கம்பி எங்கும் சிக்கவில்லை, விட்டதும் தானாகத் திரும்புகிறது.

“நல்ல மனுஷன், ஒழுங்காத்தான் பாத்திருக்கார்” என்றார் நூர் முகம்மது. “ஆனா எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் தேடியிருக்காங்க. காடி அளவுக்கு மீறிப் போச்சான்னு. அளவுக்குக் கீழ போச்சான்னு யாரும் தேடல.”

“மாமா, ஸ்கேன் கருவியை எடுத்துட்டு வந்திருக்கேன்!” ஹமீதா ஏற்கெனவே பையைத் திறந்துவிட்டிருந்தாள்.

“தெரியும். உன் கைப்பையை விட அதைத்தானே நீ அதிகம் தூக்குற.” அவர் புஷ்பராணியிடம் திரும்பினார். “காடி கடைசியா எப்ப சர்வீஸ்?”

“ஆக்சிடென்டுக்கு மூணு வாரம் முன்னால. ஜெலுத்தோங்குல முகம்மது சுல்தான் வொர்க்‌ஷாப்ல. பதினஞ்சு வருஷமா அங்கதான். எங்க வீட்டுக்காரருக்கு அப்பக் கண் ஆபரேஷன், அதனால நான்தான் ஃபோன் போட்டேன். சர்வீஸ் பண்ணுங்க, பிரேக் பாருங்க, எண்ணெய் ரொம்பப் போகுது, அதையும் பாருங்கன்னு சொன்னேன்.”

“பாத்தாரா?”

“பாத்தார். அதுக்கப்புறம் பெட்ரோல் குறைவாத்தான் போச்சு. நல்லா வேலை செஞ்சிருக்கார்னு நெனைச்சேன்.”

கார் பாலிக் புலாவில் ஒரு இழுவை வண்டிக்காரரின் தகரக் கொட்டகைக்குள் இருந்தது. இடப்பக்கம் உள்வாங்கிப் போயிருந்தது. பழங்களை யாரோ அகற்றியிருந்தார்கள். வாடை மட்டும் போகவில்லை. புஷ்பராணி கொட்டகை வாசலில் நின்றாள். உள்ளே வர வேண்டாம் என்று நூர் முகம்மது சொல்லியிருந்தார். ஆனால் பத்து நிமிடம் கழித்து அவரே வெளியே வந்தார்.

“அக்கா, ஒரு உதவி. நான் எஞ்சின் பக்கத்துல நிக்கணும். ஹமீதா கருவியைப் படிக்கணும். இழுவைக்காரர் டீ குடிக்கப் போயிட்டார். ஓட்டுற எடத்துல உக்காந்து மிதிக்க ஒரு ஆள் வேணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, அவர் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்.”

“எனக்குக் காடி ஓட்டத் தெரியாதே.”

“ஓட்ட வேணாம். எஞ்சினே ஓடாது.”

அவள் போய் உட்கார்ந்தாள். கண்ணாடித் துகள்களைத் துடைத்து இருக்கையில் ஒரு சாக்கை விரித்திருந்தார்கள். இடப்பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹமீதா தன் கடையிலிருந்து கொண்டுவந்த பாட்டரியை மாட்டி, டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஒரு துளையில் வயரைச் செருகினாள். கால்குலேட்டர் அளவுக்கு இருந்த கருவியில் பச்சை எழுத்துகள் எரிந்தன. சாவியைத் திருகியாயிற்று.

“நீங்க காலால மிதிச்சா அங்க எஞ்சின் வாயில ஒரு வட்டத் தகடு திரும்பும். எவ்வளவு திரும்புதோ அவ்வளவு காத்து உள்ள போகும், அவ்வளவு இழுவை. தகடு எவ்வளவு தொறந்திருக்குன்னு இது எனக்குச் சொல்லும். மூடியிருந்தா அரை வோல்ட்டு. முழுசாத் தொறந்தா நாலரைக்கு மேல காட்டணும். புரிஞ்சுதாக்கா?”

“ம்.”

“இப்ப அரை. சரியா இருக்கு. எண்ணெய் போடுங்க.”

புஷ்பராணி திகைத்தாள். “என்கிட்ட ஏதும்மா எண்ணெய்?”

ஹமீதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “அலாமா! எண்ணெய்ன்னா பெட்ரோல் இல்லக்கா, காலுக்குக் கீழ இருக்குற கட்டை. மலாய்க்காரங்க ‘தெக்கான் மின்யாக்’ம்பாங்க. நாங்களும் எண்ணெய் மிதி, எண்ணெய் போடுன்னுதான் சொல்லுவோம். ரோட்டுல எல்லாரும் அப்படித்தான்லா பேசுறாங்க.”

“எங்க வீட்டுல அவர் ஆக்ஸிலரேட்டர்னுதான் சொல்லுவார்...”

அவள் சொல்லி முடிக்கவில்லை. திறந்திருந்த பானெட்டுக்குப் பின்னாலிருந்து நூர் முகம்மதுவின் தலை மெல்ல எழுந்தது. அவரும் ஹமீதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மிதிங்கக்கா” என்றார் அவர்.

அவள் மிதித்தாள்.

“ரெண்டு புள்ளி ஆறு” என்றாள் ஹமீதா. “இன்னும்.”

“அவ்வளவுதான்.”

“இல்லக்கா, பயப்படாதீங்க, முழுசா மிதிங்க. அடி வரைக்கும்.”

“முழுசாத்தான் மிதிச்சிருக்கேன்” என்றாள் புஷ்பராணி. “போக மாட்டேங்குது.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. மகன் வீடு திரும்பிய நாளிலிருந்து, அவனுடைய பின்னறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட அதே வாக்கியம். முழங்காலில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். எழுந்து நிற்பதுபோல் உடம்பின் பாரத்தை எல்லாம் அந்தக் காலில் இறக்கினாள்.

“ரெண்டு புள்ளி ஆறு” என்றாள் ஹமீதா. இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

“காலை எடுத்துடுங்க.” நூர் முகம்மது எஞ்சின் மேல் குனிந்து, கம்பி சுற்றியிருந்த சிறு சக்கரத்தைத் தன் விரலால் இழுத்தார். “இப்ப?”

“மூணு... மூணு புள்ளி எட்டு... நாலு புள்ளி ஏழு! முழுசாத் தொறக்குது மாமா!”

“அப்போ தகடு நல்லா இருக்கு. சென்சரும் பொய் சொல்லல. மோதுனதுல எதுவும் வளையல. காலுக்கும் தகடுக்கும் நடுவுலதான் கோளாறு.”

அவர் சுற்றி வந்து, மண்டியிட்டு, டார்ச்சை அடித்தார். மிதிகட்டைக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு போல்ட் நின்றது. கட்டை அதற்கு மேல் போகாமல் தடுப்பதற்காகவே இருக்கும் போல்ட். அது வழக்கத்தைவிட உயரமாக நின்றது. அடியில் பழைய துரு. மேலே ஒரு கட்டை விரல் அகலத்துக்குத் திருகுமரை வெள்ளி போல் பளபளத்தது. பூட்டு நட்டின் முனைகளில் ஸ்பேனர் பதிந்த புதுத் தடம்.

“இத்தனை வருஷமா உள்ள மறைஞ்சிருந்த மரை இது. சமீபத்துல யாரோ வெளிய எடுத்திருக்காங்க” என்றார். “கட்டை போல்ட்டுல முட்டும். மிதிக்கிறவன் அதுதான் அடின்னு நெனைப்பான். ஊருக்குள்ள தெரியாது, அங்க யாரும் முழுசா மிதிக்கிறதில்ல. மலையில, பாரத்தோட, லாரியைத் தாண்டணும்னு மிதிக்கிறப்பத்தான் தெரியும். அதனாலதான் லாரி பக்கத்துலயே நின்னிருக்கு. முந்தவும் முடியல, பின்வாங்கவும் நேரமில்ல.”

“எண்ணெய் பத்தலைன்னு சொன்னானே...” என்றாள் புஷ்பராணி.

“ஆமாக்கா. எண்ணெய் பத்தல, முழுசா மிதிச்சேன், போகல. ரெண்டும் ஒரே கதைதான். முதல் தடவை கூட்டாளிங்களோட பேசுற பேச்சுல சொன்னான். ரெண்டாவது தடவை உங்க வீட்டுப் பேச்சுல சொன்னான். நடுவுல யாரும் பொய் எழுதல. சொல்லு ஒண்ணு, அர்த்தம் ரெண்டு.”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹமீதா நசுங்கிய டாஷ்போர்டுப் பெட்டியைக் குடைந்து, எண்ணெய்க் கறை படிந்த ஓர் அட்டையை எடுத்தாள். வொர்க்‌ஷாப் அட்டை. சுல்தானின் கையெழுத்தில் மூன்று வரி. எஞ்சின் ஆயில் மாற்றியது. பிரேக் பார்த்தது. மூன்றாவது வரியைப் பார்த்துவிட்டு நூர் முகம்மது அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“சுல்தானா?” என்றாள் ஹமீதா. “அவருக்கு இவங்க மேல என்ன கோபம்? இல்ல, பையனோட அப்பாவே அவன் வேகத்துக்குப் பயந்து திருகச் சொல்லியிருப்பாரா? இல்லாட்டி...”

“ஹமீதா.”

அவள் நிறுத்தினாள். நூர் முகம்மது கைகளைத் துடைத்துக்கொண்டு புஷ்பராணியின் பக்கத்தில் வந்து நின்றார்.

“அக்கா, நீங்க கேட்டது ஒண்ணுதான். மகன் பொய் சொல்றானா இல்லையான்னு. சொல்லல. அதுக்குப் பதில் கெடைச்சிருச்சு. இதோட நிறுத்திக்கலாம். கேஸுக்கும் இது போதும்.”

“என் புருஷனைக் கொன்னவன் யாருன்னு தெரியாம நான் எப்படி நிறுத்துறது?”

“யாரும் கொல்லணும்னு செஞ்சதில்ல இது.”

“செஞ்சவன் வாயால அதைக் கேக்கணும்” என்றாள்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குப் புஷ்பராணியின் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனந்தராஜாவை ஊன்றுகோலோடு அழைத்துவந்து சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தவர் நூர் முகம்மது. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டியிருந்த அவன் தாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏரம்பமூர்த்தி வெள்ளைக் காற்சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாய், கோர்ட்டில் இருப்பதுபோலவே நிமிர்ந்து இருந்தார். கதவருகில், நாற்காலியின் நுனியில், சுல்தான். ஐம்பது வயது; கழுவியும் போகாத கறை படிந்த கைகளை முழங்காலில் கவிழ்த்து வைத்திருந்தார். ஹமீதா குறிப்பேட்டோடு.

புஷ்பராணி உட்காரவில்லை. கணவரின் படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றாள்.

“சீக்கிரம் சொல்லுங்க” என்றார் ஏரம்பமூர்த்தி. “பயல் முதல்ல எண்ணெய் இல்லைன்னான். அப்புறம்...”

“எண்ணெய் இல்லைன்னு சொல்லல பெரியப்பா. பத்தலைன்னேன்” என்றான் ஆனந்தராஜா.

“ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?”

“அதைச் சொல்லத்தான் வந்திருக்கோம்” என்ற நூர் முகம்மது, கருவி காட்டிய அளவுகளையும் போல்ட்டையும் பற்றி நிதானமாக விளக்கினார். ஏரம்பமூர்த்தி இடையிடையே கேள்வி கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் இருந்தது. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தம்பி மகனை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

“ஏன்டா, காடியில ஒரு மாத்தம்னு உனக்கே தெரியலையா?”

“சர்வீஸுக்கு அப்புறம் கனமாயிட்ட மாதிரி இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னேன். ‘நீ லேசாயிட்டே, அதான்’னு சிரிச்சார்.”

நூர் முகம்மது மேசை மேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மருத்துவமனை வாக்குமூலம். மற்றது வொர்க்‌ஷாப் அட்டை. இரண்டிலும் ஒரே இரண்டு சொற்கள், வேறு வேறு கையெழுத்தில். மின்யாக் குராங்.

“ஆஸ்பத்திரியில காவலர் இதை எழுதினப்ப பெட்ரோல்னு நெனைச்சு எழுதினார். சுல்தான் பாய், நீங்க எழுதினப்ப என்ன நெனைச்சு எழுதினீங்க?”

சுல்தான் எழுந்து நின்றார். “கால்கட்டை. எண்ணெயைக் குறைச்சு வெச்சாச்சுன்னு.”

“அப்போ நீங்கதான் போல்ட்டைத் திருகினீங்க.”

“நான்தான். ஸ்கூல் பஸ் மொதலாளிங்க கேப்பாங்க, டிரைவருங்க வேகமாப் போகக் கூடாதுன்னு. எத்தனையோ வண்டிக்குச் செஞ்சிருக்கேன்.”

“யாரு சொல்லிச் செஞ்சே?” புஷ்பராணி சுவரை விட்டு முன்னால் வந்தாள். “பதினஞ்சு வருஷப் பழக்கம். சாவு வீட்டுக்கு வந்து முன்வரிசையில நின்னியே, அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? யாரு சொன்னா உனக்கு?”

சுல்தான் நூர் முகம்மதுவைப் பார்த்தார். அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா... நீங்கதான்.”

புஷ்பராணி தன் நெஞ்சில் விரலை வைத்தாள்.

“நானா?”

“ஃபோன்ல சொன்னீங்கக்கா.”

“நான் எண்ணெய் ரொம்பப் போகுதுன்னு சொன்னேன். பாருங்கன்னு சொன்னேன்.”

“அக்கா” என்றார் நூர் முகம்மது மெதுவாக. “அது நேத்து எங்கிட்ட நீங்க சொன்னது. அன்னைக்கு இவர்கிட்ட சொன்ன சொல்லு அதேதானா? நீங்க ஆபரேட்டரா இருந்தவங்க. ஞாபகம் இருக்கும்.”

இருந்தது. முப்பது ஆண்டுகளில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒரு சொல் பிசகாமல் சேர்த்தவள் அவள். கண்ணை மூடியதும் அந்தக் காலை வந்து நின்றது. கண்ணில் கட்டோடு கணவர் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். மகன் அந்த வாரம் மூன்றாவது தடவை பெட்ரோல் போட்டுவிட்டு வந்ததில் அவளுக்கு எரிச்சல். கையில் ரிசீவர். அவள் சொன்னது அவளுக்கே கேட்டது.

“தம்பி எண்ணெய் ரொம்பப் போடுறான், சுல்தான். கொஞ்சம் குறைச்சு வைங்க.”

உரக்கத்தான் சொல்லியிருந்தாள். ஹமீதா குறிப்பேட்டை மூடிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ரெண்டு சமன் வந்தது எனக்குத் தெரியும்” என்றார் சுல்தான். “தாய்க்குப் பயம் இருக்கும்தானே, அதான் சொல்றாங்கன்னு நெனைச்சேன். ‘அவன்கிட்ட சொல்ல வேணாமாக்கா’ன்னு கேட்டேன். ‘அவன்கிட்ட என்ன சொல்றது, கேக்கவா போறான்’னீங்க. செஞ்சேன்.” அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். “சாவு வீட்டுல உங்க மூஞ்சியைப் பாத்தேன். நீங்க பையனோட பேசலைன்னு சொன்னாங்க. செஞ்சது என்னன்னு உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் தாங்கிக்கிட்டு நிக்கிறீங்கன்னு நெனைச்சேன். அதை நான் எப்படிக்கா வாயைத் தொறந்து சொல்லுவேன்?”

புஷ்பராணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

நூர் முகம்மது தாள்களை அடுக்கினார். “கோர்ட்டுக்கு ஒரு அறிக்கை எழுதணும். போல்ட்டு திருகியிருந்துச்சு, தகடு பாதிதான் தொறந்துச்சு. அது போதும். யாரு திருகினா, யாரு சொன்னான்னு எழுதாம விடலாம். யாரோன்னு இருக்கட்டும்.”

“யாரோன்னே எழுதுங்க அங்கிள்” என்றான் ஆனந்தராஜா உடனே.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“வேணாம்” என்றாள். “யாரோன்னு எழுதினா, அந்த யாரோ இவன்தான்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லுவார். தானே திருகிக்கிட்டு வேஷம் போடுறான்னு. ஹமீதா, எழுதிக்கோம்மா.”

நிமிர்ந்து உட்கார்ந்தாள். தேதி, காலை மணி, வொர்க்‌ஷாப்பின் தொலைபேசி எண், தன் முழுப்பெயர், தந்தை பெயர். பிறகு அந்த வாக்கியம். ஒவ்வொரு சொல்லாக, எழுதுகிறவள் தவறவிடாத வேகத்தில் சொன்னாள். அதன் பின் சுல்தான் கேட்ட கேள்வியையும், தான் கொடுத்த பதிலையும்.

ஹமீதா எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். “அக்கா... அறிக்கை மலாயில போகணும். எண்ணெய்ங்கிறதை பெட்ரோல்னு போடட்டுமா? நீங்க நெனைச்சது அதுதானே?”

“நான் சொன்ன சொல்லைப் போடு. நெனைச்சது என்னன்னு நான் கோர்ட்டுல வந்து சொல்லிக்கிறேன்.”

கையெழுத்துப் போட்டாள். சுல்தானும் போட்டார். போகும்போது அவர் வாசலில் தயங்கி நின்றார். அவள் எழுந்து வரவில்லை. ஆனால் “பாத்துப் போங்க சுல்தான்” என்றாள். ஏரம்பமூர்த்தி குடையை மறந்துவிட்டுப் போனார். படியில் ஹமீதாவும் நூர் முகம்மதுவும் இறங்கும் காலடி கேட்டது.

கூடத்தில் அவர்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள். வெளியே பாசார்ச் சந்தைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களின் சத்தம். அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அப்பா கடைசியா என்ன சொன்னார்?”

அவன் ஊன்றுகோலின் ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். போலீஸிடமும் அவன் அதைச் சொல்லவில்லை. பெரியப்பாவிடமும் சொல்லவில்லை.

“எப்பவும் மெதுவா மெதுவான்னுதான் சொல்லுவார். அன்னைக்கு பஸ்ஸைப் பாத்ததும்... ‘மிதிடா தம்பி, மிதி’ன்னார். ரெண்டு தடவை.” மூச்சை இழுத்துக்கொண்டான். “அதைச் சொன்னா, அவர் சொல்லித்தான் முந்தினேன்னு எழுதிருவாங்க. அதான் சொல்லல. நான் மிதிச்சேன்மா. சத்தியமா முழுசா மிதிச்சேன்.”

“தெரியும் தம்பி” என்றாள் புஷ்பராணி. “நானும் மிதிச்சேன். எனக்கும் போகல.”